பிடி 22 கிலோ: கையைக் கவனிப்பதா, கால்களையா?

72 வயது அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனை செய்தபோது, கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது கையில் 22 கிலோ, இடது கையில் 20 கிலோ. அறிக்கையில் 'குறைவு' என்று குறித்திருக்கிறது. பிடி தளர்ந்தால் ஆயுள் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு மகள் பயந்துபோயிருக்கிறார். அப்பாவோ ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றை வாங்கிவந்து, டிவி பார்த்தபடியே நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருக்கிறாராம். இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்குமோ, இந்த ஸ்பிரிங் பயிற்சி போதுமா என்பதுதான் மகள் கேட்டிருக்கும் கேள்வி.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 22 குறைவுதான், அலட்சியமாக விடக்கூடாது. ஆனால் அந்த எண்ணை வைத்து இன்ன உறுப்பில் இன்ன கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பிரிங் அமுக்குவதால் பெரிதாக எதுவும் மாறிவிடப் போவதில்லை. உங்கள் கவனம் போகவேண்டியது அப்பாவின் தொடைக்கும் இடுப்புக்கும். பிசியோதெரபி வேலையில் வயதானவர்களின் பிடியை அளப்பது எனக்கு அன்றாடக் காரியம், அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 22 எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். ஒரே ஒரு தடவை அழுத்தச் சொல்லி எழுதிக்கொண்டார்களா? அப்படியென்றால் அந்த எண்ணைப் பாதிதான் நம்பலாம். பிடியை அளக்கும் டைனமோமீட்டரில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. ஒன்று ஹைட்ராலிக் வகை. ஜாமர் என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து, மேல்கையை விலாவோடு ஒட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொன்று ஸ்பிரிங் வகை. அதை நின்றுகொண்டு, கையை நீட்டித் தொங்கவிட்டு அழுத்துவது வழக்கம். இரண்டையும் குழப்பினால் எண்ணும் குழம்பும். ஜாமரில் கைப்பிடியை ஐந்து அகலங்களில் மாற்றலாம், பெரும்பாலும் இரண்டாவது நிலையில் வைத்துத்தான் அளப்பார்கள். உள்ளங்கை சிறியவருக்கு அகலம் பொருந்தாவிட்டால் பலம் இருந்தும் எண் ஏறாது. ஒவ்வொரு கையிலும் இரண்டு மூன்று தடவை, நடுவில் சற்று ஓய்வு விட்டு அழுத்தச் சொல்லி, அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 'இன்னும், இன்னும், விடாதீங்க' என்று பக்கத்தில் ஒருவர் உற்சாகப்படுத்துவதும் முறையின் ஒரு பகுதிதான். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு ஒவ்வொரு வரிசையாக நின்று களைத்துப்போன மனிதர் கடைசி அறையில் அழுத்திய எண்ணுக்கும், நிதானமாக அழுத்திய எண்ணுக்கும் வித்தியாசம் வரும். நானே பார்த்திருக்கிறேன்.

சரி, முறையாக அளந்தும் 22தான் என்றே வைத்துக்கொள்வோம். எதோடு ஒப்பிட்டு அது குறைவு? ஆசிய நாடுகளின் முதியோர் மருத்துவ வல்லுநர் குழு 2019-ல் வகுத்த எல்லை, ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. ஐரோப்பியக் குழுவின் எல்லை 27-ம் 16-ம். இதற்குக் கீழே போனால் தசை வலிமை குறைவு என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பிடி உச்சத்தில் இருப்பது முப்பதுகளை ஒட்டிய வயதில். அப்போது ஆண்களின் நடுமதிப்பு 51 கிலோ, பெண்களுக்கு 31 கிலோ. அங்கிருந்து சில காலம் சமமாக ஓடி, பிறகு சரியத் தொடங்குகிறது. இறங்குவது எல்லோருக்கும் பொது. எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இன்னொன்று, இந்த எல்லைகள் உயரத்தையும் உடல்வாகையும் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவரையும் ஆறடி ஆளையும் ஒரே கோட்டில் நிறுத்துகின்றன. உங்கள் அப்பா சிறுகட்டு உடம்பு என்றால் அதையும் மனதில் வையுங்கள். ஆனாலும் 28-க்கு 22 என்பது நூலிழை வித்தியாசம் இல்லை.

கையை அழுத்திப் பார்த்து உடம்பைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம். விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் விரல்களிலோ உள்ளங்கையிலோ இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிவரை போகின்றன. ஒரு பிடி பிடிக்க மூளை கட்டளையிட வேண்டும், தண்டுவடத்து நரம்பணுக்கள் அதைக் கடத்த வேண்டும், தசை நார்கள் ஒன்றாகச் சுருங்க வேண்டும், மூட்டு வலிக்காமல் ஒத்துழைக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எது நைந்தாலும் முள் கீழே நிற்கும்.

வயதாகும்போது தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. ஒரு நரம்பணு போய்விட்டால், அதை நம்பியிருந்த தசை நார்கள் அனாதையாகிவிடும். பக்கத்து நரம்பணு கிளைவிட்டு அவற்றில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு பல வருடம் ஓடும். தத்தெடுக்கும் அளவைவிட இழப்பு அதிகமாகும்போதுதான் வெளியே தெரிகிறது. அதிலும் முதலில் மெலிவது வேகமாக இயங்கும் நார்கள். சட்டென்று எழுவதற்கும், கால் இடறினால் தாவி எதையாவது பிடித்துக்கொள்வதற்கும் தேவைப்படுபவை அவைதான். இது கையில் மட்டும் நடப்பதில்லை, தொடையிலும் முதுகிலும் இதே கதை. கை அளப்பதற்கு வசதியான இடம், அவ்வளவே. தொடையின் வலிமையைச் சரியாக அளக்கப் பெரிய இயந்திரம் வேண்டும். பிடியை அளக்கக் கைப்பையில் போகும் கருவி போதும்.

தசையின் அளவும் அதன் வலிமையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளில் இருப்பவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து அளந்து பார்த்ததில், தசை குறையும் வேகத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் வலிமை குறைந்தது. நார்களுக்கு நடுவே கொழுப்பு புகுந்துவிடுவதும், நரம்பின் பங்கு பழுதாவதும் இதில் சேரும். அதனால் 'ஆள் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்' என்பது சமாதானம் ஆகாது. வயதோடு வரும் இந்தத் தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று 1989-ல் பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் அளவையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது வலிமையைத்தான் முதல் அடையாளமாக எடுக்கிறார்கள். தமிழில் நமக்குத் தள்ளாமை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. தள்ளாமையை மருத்துவர்கள் எடைபோடும் முறை ஒன்று 2001-லிருந்து புழக்கத்தில் உள்ளது. காரணமின்றி எடை குறைவது, எப்போதும் களைப்பு, தளர்ந்த பிடி, மெதுவான நடை, குறைந்த நடமாட்டம் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் தள்ளாமை என்கிறது அது. உங்கள் அப்பாவுக்கு இப்போதைக்குத் தெரிந்திருப்பது ஒன்றுதான். மற்ற நான்கும் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஆயுள் விஷயம். நீங்கள் படித்தது பெரும்பாலும் 'பியூர்' என்ற ஆய்வைப் பற்றியதாக இருக்கும். 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் பிடியை அளந்து, ஏறக்குறைய நான்கு வருடம் கவனித்தார்கள். பிடி 5 கிலோ குறைந்த ஒவ்வொரு படிக்கும், எந்தக் காரணத்தாலும் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. மாரடைப்புக்கு அந்தக் கூடுதல் 7 சதவீதம், பக்கவாதத்துக்கு 9. இறப்பை முன்கூட்டிக் காட்டுவதில், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடப் பிடி நன்றாக வேலை செய்தது. இந்தக் கடைசி வரிதான் உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது.

தலைப்புச் செய்தியில் வராததையும் பார்க்க வேண்டும். 16 சதவீதம் கூடுதல் என்றால் நூறில் 16 பேர் இறப்பார்கள் என்று பொருள் இல்லை. கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு கூட்டத்தில் ஆயிரத்தில் 50 பேர் இறக்கக்கூடிய காலத்தில், பிடி 5 கிலோ குறைந்த கூட்டத்தில் 58 பேர் இறப்பார்கள். பெரிய கூட்டத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு இது முக்கியமான வித்தியாசம். தனி ஒருவரின் விதியை இது எழுதிவிடாது. அப்புறம், அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 35 முதல் 70 வயது வரை உள்ளவர்கள். உங்கள் அப்பா அந்த வரம்பையே தாண்டிவிட்டார். அதோடு, பிடி குறைந்ததால் நோய் வந்ததா, உள்ளே ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்த நோயால் பிடி குறைந்ததா என்பதை இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு இதைவிடப் பிடித்த ஆய்வு பழையது. ஹவாய்த் தீவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் சுமார் 6,000 பேரின் பிடியை, அவர்கள் 45 முதல் 68 வயதுக்குள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தபோது அளந்தார்கள். 25 வருடம் கழித்து, உயிரோடிருந்தவர்களை மறுபடி பார்த்தார்கள். நடு வயதில் பிடி பலமாக இருந்தவர்கள், முதுமையிலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் அதிகம் இருந்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. ஆயுள் எத்தனை வருடம் என்பதைவிட, நாற்காலியிலிருந்து தானாக எழுவோமா, குளித்துவிட்டு வருவோமா என்பதுதான் என்னிடம் வருகிறவர்களின் உண்மையான கவலை. பிடி அதைப் பற்றித்தான் நன்றாகப் பேசுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்ட மகளுக்கும் ஒரு வார்த்தை: அப்பாவின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், உங்கள் பிடியையும் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள்.

மருத்துவரிடம் போகும்முன் வீட்டிலேயே சிலவற்றைக் கவனிக்கலாம். அழுத்தும்போது வலித்ததா? கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம் இருந்தால் வலிக்குப் பயந்து கை தானாகவே விட்டுவிடும். அது தசையின் குற்றம் இல்லை. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் உதறிக்கொண்டு எழுகிறாரா? மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், கையெழுத்து மாறிப்போவது, கூடவே நடையில் தள்ளாட்டம் என்றால் கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம், வயசாயிடுச்சு என்று சொல்லித் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். இரண்டு கைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் இதே மாதிரி ஒரு தனிக் காரணத்தைத் தேட வேண்டும். பழக்கமான கை மற்றதைவிடப் பத்து சதவீதம் போல பலமாக இருப்பது சாதாரணம். உங்கள் அப்பாவின் 22-ம் 20-ம் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. திடீரென்று ஒரு கை மட்டும் தளர்ந்து, பேச்சு குழறினாலோ முகம் கோணினாலோ அது பக்கவாதம், ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கையில் தனிக் கோளாறு எதுவும் இல்லை என்றால் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும். ஒரு வருடத்தில் சும்மாவே எடை 5 சதவீதம் குறைந்திருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, மனச்சோர்வு உண்டா, சர்க்கரை எப்படி, தைராய்டு, பி12, வைட்டமின் டி அளவுகள் என்ன, நாள்பட்டு ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்ற வரிசையில் மருத்துவர் போவார். இதய நோயாளிகளுக்கும் பிடி தளர்வது உண்டு. ஆனால் 22 என்ற எண்ணைக் காட்டி இதயத்துக்கு எல்லாப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வது பயனில்லாத செலவு. மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, கால் வீக்கம் இருந்தால் அது வேறு விஷயம்.

இன்னொரு பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்பாவைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லி, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ஆசியக் குழுவின் அளவுப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் கால் பலம் குறைவு. ஐரோப்பியர்கள் 15 விநாடி வரை பொறுக்கிறார்கள். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் அதுவே பதில். அப்புறம் தரையில் 6 மீட்டர் அளந்து, அவருடைய வழக்கமான வேகத்தில் நடக்கவிட்டுப் பாருங்கள். 6 விநாடியைத் தாண்டினால் நடை மெதுவாகிவிட்டது என்று அர்த்தம். பிடி 22 ஆக இருந்தும் இந்த இரண்டும் நன்றாக வந்தால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். கையில்தான் ஏதோ இருக்கிறது என்று தேடுவேன். மூன்றும் சேர்ந்து குறைந்தால் உடனே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு வருகிறேன். பெட்ரோல் முள்ளைக் கையால் மேலே தள்ளிவிட்டால் டாங்க் நிறையாது. ஸ்பிரிங்கை அமுக்க அமுக்க முன்கை பழகும், இரண்டு மூன்று கிலோ ஏறக்கூடச் செய்யும், அடுத்த அறிக்கையைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படலாம். குளியலறையில் வழுக்கினால் தாங்கவேண்டிய தொடைக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது. தலைகீழாகவும் நடக்கும்: மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்து கால் வலிமை நன்றாகக் கூடிய முதியவர்களுக்குப் பிடி அசையாமல் அப்படியே நின்ற ஆய்வுகள் உண்டு. அதனால் ஆறு மாதம் பயிற்சி செய்தும் 22 மாறவில்லையே என்று மனம் தளர வேண்டாம். பிடி ஆபத்தைக் கண்டுபிடிக்க நல்ல கருவி, முன்னேற்றத்தை அளக்கச் சுமாரான கருவி.

வயதான தசை பயிற்சிக்கு மசியுமா என்ற சந்தேகத்துக்கு 1990-லேயே பதில் கிடைத்துவிட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயதுள்ள பத்துப் பேருக்கு, எட்டு வாரம் தொடைக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முழுவதும் முடித்தார்கள், அவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதே குழுவினர் 1994-ல் நூறு பேரை வைத்துப் பத்து வாரம் செய்த சோதனையில் வலிமை 113 சதவீதம் கூடியது, நடையும் வேகமானது. அந்தச் சோதனையில் ஒரு சாராருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தசை பலவீனத்தில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. டப்பா டப்பாவாகப் புரதப் பொடி வாங்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பயிற்சி என்றால் நடைப்பயிற்சியோடு முடித்துக்கொள்ளக் கூடாது. நடப்பது இதயத்துக்கு நல்லது, தொடர்ந்து நடக்கட்டும். ஆனால் தசைக்கு எதிர்ப்பு வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்தால் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே முதல் பாடம். எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்யும்போது கடைசி இரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும், அது சுலபமானால் கொஞ்சம் தாழ்வான இருக்கைக்கு மாறுங்கள், பிறகு மடியில் எடை வைத்துக்கொள்ளலாம். இப்படிப் படிப்படியாகக் கூட்டாவிட்டால் பயிற்சி வெறும் சடங்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது, இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது எல்லாம் அடுத்தடுத்துச் சேரட்டும். பையைத் தூக்கி நடக்கும்போது பிடிக்கும் வேலை கிடைத்துவிடுகிறது, அப்பாவுக்கும் திருப்தி. எதைச் செய்தாலும் மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தொடங்கியபின் நிறுத்தவும் கூடாது: அந்த 1990 சோதனையிலேயே, பயிற்சியை நிறுத்திய சில வாரங்களில் பெற்றதில் ஒரு பகுதி கரைந்துபோனது.

சாப்பாட்டில் புரதம், ஆரோக்கியமான முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். அதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்வதே கணக்கு.

பாசத்தோடு செய்யும் ஒரு கெடுதலையும் சொல்லியாக வேண்டும். 'நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்.' நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. காய்ச்சல், சின்ன அறுவை சிகிச்சை என்று படுத்த முதியவர் பிறகு பழைய நடைக்குத் திரும்பாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மருத்துவமனையில் இருந்தாலும், மருத்துவர் அனுமதித்த அன்றே எழுப்பி உட்கார வைக்கப் பாருங்கள். வீட்டில், இறுகிய மூடியை அவர் கையிலிருந்து பிடுங்கித் திறந்துகொடுக்காதீர்கள்.

மறுபடி அளப்பது ஆறு மாதம் கழித்துப் போதும். அதே கருவி, அதே நிலை, அதே கை. ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. நாலைந்து கிலோ சரிந்திருந்தால் காரணம் தேட வேண்டும். பிடியோடு, ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆனது என்பதையும் தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டே வாருங்கள். அடுத்த முறை மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஸ்பிரிங்கை அப்பாவிடமிருந்து பிடுங்க வேண்டாம், அது அவர் பாட்டுக்கு இருக்கட்டும். டிவியில் விளம்பரம் வரும்போது மட்டும் அதைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள்.